ஏணியடிச் செருப்புகள்

தாராவியில் எங்கள் தோல்பைப் பட்டறை மாடியில் இருந்தது. செருப்பை ஏணியடியில் கழற்றிவிட்டுத்தான் ஏறுவோம். அதை வைத்தே முதலாளி கரீம் பாட்சா தீ ஒத்திகை நடத்தினார்.

"எறங்குனதும் அவங்கவங்க செருப்ப மாட்டிக்கிட்டு ரோட்டுல நில்லுங்க. ஒரு சோடி மிச்சம் கெடந்தா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம்."

நல்ல யோசனை என்று நாங்களும் தலையாட்டினோம்.

ஜூலை மழையில் ஒரு மதியம், தோல் ஒட்டும் பசை தீப்பிடித்தது. புகைக்குள் தட்டுத் தடுமாறி இறங்கி, பழகியபடியே செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டில் நின்றோம். கரீம் பாய் குனிந்து பார்த்தார். ஏணியடியில் ஒன்றும் மிச்சமில்லை.

"எல்லாரும் வந்தாச்சு," என்று தீயணைப்புக்காரர்களிடம் இந்தியில் சொன்னார். அவர்கள் வெளியிலிருந்தே தண்ணீர் அடித்தார்கள்.

எங்களோடு வேலை பார்த்த மெஹராஜ் அக்காவை மாடிப் பின்னறையில் கண்டெடுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. புதுச் செருப்பு களவுபோகும் என்று அன்று காலை அதைப் பையில் போட்டு மாடிக்கே கொண்டுபோயிருந்தாள். "தலைமாட்டுல வச்சுத் தூங்குவியாக்கா?" என்று கேலி செய்தவளே நான்தான்.

பாயைத் திட்ட எனக்கு வாய் இருக்கிறது, யோக்கியதை இல்லை. பட்டறையில் மொத்தமே ஒன்பது பேர், தலையை எண்ணியிருந்தாலே போதும். அன்று ரோட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.