தையலுக்கு விட்ட பலகை

ஜெயசுதா கட்டைப்பையோடு வாசலில் வந்து நின்றபோது, சித்ரகலா கட்டிங் டேபிளில் குழந்தை பனியனுக்குத் துணி விரித்துக்கொண்டிருந்தாள். பையின் வாயில் நீட்டிக்கொண்டிருந்த சிவப்பு ஒயரைப் பார்த்ததுமே உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்துவிட்டது.

"நாளைக்குக் காலேஜ்ல வைவா பரீட்சைங்க அக்கா," என்றாள் ஜெயசுதா.

சித்ரகலாவின் தம்பி மோகன்ராஜும் ஜெயசுதாவும் பாலிடெக்னிக்கில் ஒரே வகுப்பு. கடைசி வருடப் புராஜெக்டுக்கு இருவரும் சேர்ந்து செய்த மோட்டார் வண்டிதான் பையில் இருந்தது. வெட்டிய பீஸ்களைக் கட்டாகக் கட்டி மேலே வைத்துவிட்டால், தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு தையல் மெஷின்வரை தானே போய்ச் சேரும். வீட்டை ஒட்டிய இந்தத் தையல் யூனிட்டில் அம்மா கட்டுத் தூக்கித் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்து அவனுக்கு வந்த யோசனை. காய்ச்சல் என்று படுத்தான். பிறகு எழுந்திருக்கவே இல்லை; வண்டியை முடிக்காமலே போய்விட்டான்.

"ஓடுதா கண்ணு?"

"வெறும் வண்டி ஓடுதுங்க. கட்டு வெச்சா நின்னுக்குது. பலகை எறங்கி சக்கரத்த அமுக்குது. ரெண்டு ஓரமும் அறுக்கோணும்." கொஞ்சம் தயங்கினாள். "உங்களக் கேக்காம ரம்பம் வெக்க மனசு வரலீங்க."

பலகை ஏன் அகலமாகிப்போனது என்று சித்ரகலாவுக்குத் தெரியும். அவன் அளவெடுத்ததே இந்த டேபிளின் மேல்தான். முதலில் சரியான அளவுக்கு ஒரு கோடு போட்டான். பிறகு சுற்றிலும் இன்னும் அரை இஞ்சு தள்ளி இன்னொரு கோடு. பிறந்ததிலிருந்து பனியன் பேட்டர்னையே பார்த்து வளர்ந்த கை. துணியில் தையலுக்கு ஓரம் விடுவதுபோலப் பலகையிலும் விட்டு, வெளிக்கோட்டிலேயே அறுத்தும் முடித்துவிட்டான். நூலோட்டம் காட்டும் அம்புக்குறிகூட நடுவில் இருந்தது.

அன்று அவள் சிரித்த சிரிப்பில் மெஷினில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏண்டா, பலகையத் தொவைச்சாச் சுருங்குமா?"

"சிரிக்காத அக்கா. கைப்பழக்கம்."

"நூல் பிரியாம ஓரத்துக்கு ஓவர்லாக் அடிச்சுத் தரட்டுமா?"

"அடிச்சுக் குடு, பாக்கறேன்," என்று அவனும் சிரித்தான். அப்புறம் ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்தான். "இந்த முனையக் கொஞ்சம் புடிச்சுக்க. அறுத்துப்போடறேன்."

மறுநாள் பீஸ் அனுப்பியாக வேண்டும். "ஆர்டர் போகட்டும்டா," என்றாள். ஆர்டர் போனது. அதற்குப் பின்னால் இன்னொன்று வந்தது. அவனும் வண்டியை அப்படியே மாட்டி, வீடு முழுக்க ஓட்டிப் பார்த்தான். சக்கரம் பலகையில் உரசிக் கர்ர் கர்ரென்று அடுப்படிவரை போகும். "எலியக் கொண்டு வந்து உட்டுட்டயா?" என்று அம்மா கரண்டியோடு துரத்துவாள்.

இப்போது ஜெயசுதா வண்டியை எடுத்து டேபிள்மேல் வைத்தாள். இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருந்த அந்த அரை இஞ்சில், பாகங்களை ஒட்டிய பசை காயும்வரை மோகன்ராஜும் அவளும் விளையாடியது அப்படியே இருந்தது. புள்ளி வைத்துக் கட்டம் கட்டியிருந்தார்கள். கட்டங்களுக்குள் 'மோ' என்றும் 'ஜெ' என்றும் பென்சில் எழுத்துகள். 'மோ'தான் அதிகம்.

பேச்சுக் குரல் கேட்டு அம்மா தெய்வாத்தாள் அடுப்படியிலிருந்து வந்தாள். விஷயம் புரிந்ததும் பலகையின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"அவன் கை பட்டது. இதுல ஆரும் ரம்பம் வெக்க வேண்டாம். மார்க்கு வராட்டிப் போகுது."

"மார்க்குக்கு இல்லீங்கம்மா," என்றாள் ஜெயசுதா. "அத்தன பேரு முன்னால பாதி வழியில நின்னா, மோகன் செஞ்ச வண்டி ஓடலன்னுதானுங்க சொல்லுவாங்க."

அம்மா சித்ரகலாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது கோபமா கெஞ்சலா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. சித்ரகலா உள்கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். அவன் போட்ட அளவு அதுதான். வெளியே இருந்தது வெறும் பழக்கம். இத்தனை தெரிந்தும் அந்தக் கட்டங்களிலிருந்து விரலை எடுக்க அவளுக்கு நேரமானது.

"அறுத்துரலாம் கண்ணு," என்றாள்.

அம்மா கையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மோட்டாரையும் சக்கரத்தையும் கழற்றினார்கள். ஜெயசுதா ரம்பத்தை வைத்தாள். சித்ரகலா பலகையின் மறுமுனையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவுதான் அவன் கேட்டது. கொஞ்ச நேரப் பிடி. மரத்தூள் பனியன் துணிமேல் உதிர்ந்தது, அவள் தட்டிவிடவில்லை. அறுந்து விழுந்த சில்லுகளைப் பொறுக்கி, கத்திரிக்கோல் வைக்கும் டப்பாவுக்குள் போட்டாள்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார்கள். தரையில் டேபிளிலிருந்து அடுப்படிவரை அவன் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பை இன்னும் யாரும் உரிக்கவில்லை. ஜெயசுதா ஒரு கட்டுப் பீஸைத் தூக்கிப் பலகைமேல் வைத்து சுவிட்சைப் போட்டாள்.

கர்ரென்ற உரசல் இல்லாமல் வண்டி நகர்ந்தது. வளைவில் தயங்காமல் திரும்பியது. கட்டு அசையவில்லை. ஜெயசுதா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சித்ரகலா வண்டியின் பின்னாலேயே நடந்தாள்.

அம்மா அடுப்பைப் பார்த்தபடி, இவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வண்டி அவளுக்கு ஒரு முழம் பின்னால் டேப் முடிந்த இடத்தில் வந்து நின்றது.

"இன்னும் மாட்டி முடியலியா?" என்று அம்மா திரும்பாமலே கேட்டாள். "ஒருக்கா ஓட்டிக் காட்டுங்க. சத்தத்தையாவது கேக்கறேன்."

சித்ரகலா குனிந்து, துணிக் கட்டை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"வந்துருச்சும்மா," என்றாள்.