சாவு நோட்டில் இல்லாத சிப்பிகள்

ஈவாஞ்சலினுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. முத்துச்சிப்பி ஆராய்ச்சிக்கென்று தூத்துக்குடியில் வந்து குந்தியிருக்கிறவளுக்கு இதைவிட வெட்கக்கேடு வேண்டாம். படகில் ஏறிப் பத்து நிமிடத்தில் வாந்தி. அதனால் அவள் கரையில் ஆய்வுக்கூடத்திலேயே கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுவாள். கடலுக்குள் மிதவைக்குப் போய்வருவதெல்லாம் ஆய்வுக்கூடத்துப் படகுக்காரர் பெர்சி அண்ணன்தான்.

கோடையில் கடல் சூடேறினால் சிப்பிகள் கொத்துக்கொத்தாகச் செத்துவிடும். சில மட்டும் தாக்குப்பிடிக்கும். எந்த மரபணு அவற்றைக் காப்பாற்றுகிறது என்று தெரிந்துவிட்டால், அந்தச் சிப்பிகளையே தாயாக வைத்து அடுத்த தலைமுறையை வளர்க்கலாம். இதற்காக அறுநூறு சிப்பிகளுக்கு நம்பர் ஒட்டி, ஒவ்வொன்றிலும் துளி சதை எடுத்து டிஎன்ஏ பார்த்து, கூண்டுகளில் அடைத்து மிதவையில் தொங்கவிட்டார்கள். எந்தச் சிப்பி எந்தத் தேதியில் செத்தது என்று பெர்சி நூற்றிருபது நாள் நோட்டில் எழுதிவந்தார். சோதனை போன வாரம்தான் முடிந்தது.

எந்த மரபணு ஆயுளோடு ஒத்துப்போகிறது என்று அவள் கணக்குப் போட்டாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி போட்டாள். கிராஃப் சிமெண்டுத் தரை மாதிரி தட்டையாகக் கிடந்தது. தேவபிரசாதம் சார்தான் அங்கே தலைவர், நாசரேத்துக்காரர், கோபம் வந்தாலும் குரல் உயராது. "வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணும் தெரியலன்னா மிதவையப் பிரிச்சிருவோம்மா" என்றார் மெதுவாக. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவளுக்கு. மூன்று வருட உழைப்பு அது.

யார் மேலாவது எரிந்து விழ வேண்டும். பெர்சி கிடைத்தார். நோட்டில் நூற்று எழுபத்து மூன்று சிப்பிகளுக்கு எதிரே தேதியே இல்லை. மே மாதக் காற்றில் இரண்டு கூண்டு அறுந்துபோனது அவளுக்குத் தெரியும். பாதி அதில் போயிருக்கும், மீதி இந்த மனுஷனின் சோம்பேறித்தனம் என்று தானாகவே முடிவுகட்டி, அத்தனையையும் கணக்கிலிருந்து முதலிலேயே தூக்கியிருந்தாள். புதன்கிழமை காலை நோட்டும் கையுமாகப் படகுத்துறைக்குப் போனாள். பெர்சி கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே, இத்தன சிப்பிக்குத் தேதி எழுதாம விட்டா நான் என்ன செய்யட்டும்?"

"எழுதலன்னா சாகலன்னு அர்த்தம் மேடம்."

"அப்ப உயிரோட இருக்குன்னு எழுத வேண்டியதுதானண்ணே?"

பெர்சி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லாருக்கே கத! சாவு நோட்டுல உசுரோட கெடக்கதுக்குப் பேரு எழுதுவாகளா? எங்க தெருவுல ஒருத்தனும் எழுத மாட்டான்." சொல்லிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஈவாஞ்சலின் நோட்டை மறுபடி புரட்டினாள். இத்தனை நாளும் அவள் செய்தது, பரீட்சையில் தோற்ற பிள்ளைகளை மட்டும் வரிசையில் நிறுத்திவைத்து இதில் யார் நன்றாகப் படித்தவர் என்று தேடிய வேலை. தாக்குப்பிடித்தவை எல்லாம் அவள் தூக்கி எறிந்த பக்கத்தில் அல்லவா இருந்தன! வெட்கமாக இருந்தது. அதைவிட ஆசையாக இருந்தது.

"அறுந்த கூண்டுல இருந்தது எத்தனண்ணே?"

"முப்பத்தொண்ணு. அறுறதுக்கு முந்தின நாள் பாத்தேன், உசுரோடதான் கெடந்துச்சு. பொறவு நடந்தது மாதாவுக்குத்தான் தெரியும்."

"ஞாயித்துக்கிழமை ஒண்ணுகூடச் சாகலையா? தேதியே காணோமே."

"ஞாயித்துக்கெழம எவன் கடலுக்குப் போவான்? திங்கக்கெழம போய்ப் பாத்து எழுதுவேன். அது சனிக்கெழம செத்துச்சோ ஞாயித்துக்கெழம செத்துச்சோ, நான் என்னத்தக் கண்டேன்?"

அவள் ஓடினாள். தெரியாததை மொத்தமாகத் தள்ளிவிடாமல், தெரிந்த மட்டுக்கும் கணக்கில் சேர்க்கிற முறை ஒன்று புள்ளியியலில் உண்டு. அவளும் படித்துத்தான் இருந்தாள். படித்தது வேளைக்கு நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். உயிரோடிருந்த நூற்று நாற்பத்திரண்டுக்கும் 'குறைந்தது நூற்றிருபது நாள்' என்று போட்டாள். அறுந்த கூண்டுச் சிப்பிகளுக்கு 'கடைசியாகப் பார்த்த நாள் வரை உயிர், பிறகு தெரியாது'. திங்கட்கிழமைச் சாவுகளுக்கு 'சனிக்கும் திங்களுக்கும் நடுவில்'.

வியாழன் மத்தியானம் கிராஃப் வந்தது. நான்காவது குரோமோசோமில் ஒரே ஒரு இடத்தில் கோடு எழும்பி நின்றது. அவள் நம்பவில்லை. தற்செயலாக வந்ததா என்று பார்க்க, ஆயுள் விவரங்களைச் சிப்பிகளுக்குள் கண்டபடி மாற்றிப் போட்டு ஆயிரம் தடவை ஓட்டினாள். ஒரு தடவைகூட அந்த உயரத்துக்கு எழும்பவில்லை. அப்புறம்தான் சாப்பிடப் போனாள்.

தேவபிரசாதம் சார் திரையில் அந்தக் கோட்டைப் பார்த்தார். "இன்னொரு செட்டு சிப்பியிலயும் இதே இடம் வந்தாத்தான் நம்புவேன்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுவரைக்கும் மிதவை கெடக்கட்டும்மா."

சனிக்கிழமை காலை அவளே படகில் ஏறினாள். போகும்போது இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். பெர்சி சிரிக்காமலிருக்கப் படாத பாடுபட்டார். மிதவையில் கூண்டைத் தூக்கி அவள் முன்னால் வைத்தார். வாய் லேசாகத் திறந்திருந்த ஒரு சிப்பியை அவள் தொட்டாள். படக்கென்று மூடிக்கொண்டது. நம்பர் இருநூற்றுப் பதினேழு. கணக்கிலிருந்து அவள் தூக்கி எறிந்தவற்றில் அதுவும் ஒன்று.

அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, பையிலிருந்து புது நோட்டை எடுத்து நீட்டினாள். அட்டையில் 'உயிரோடு இருப்பவை' என்று எழுதியிருந்தாள்.

பெர்சி ஈரக்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். முதல் பக்கத்தின் தலையில் சின்னதாக ஒரு சிலுவை வரைந்தார்.

"சொல்லுங்க மேடம், எழுதுதேன்."

"இருநூத்திப் பதினேழு" என்றாள்.