ஈரப்பெட்டி

சவப்பெட்டி வைக்க இடம் வேண்டுமென்று சுரேஸ் மேசையில் கிடந்ததையெல்லாம் குப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். தூரிகைகள், சின்னச் சின்ன வர்ணக் குப்பிகள், காய்ந்த துணித்துண்டுகள். நாலு மணிக்கு அவருடைய தம்பி பவுலை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். வியாழக்கிழமை நகரின் பழைய பகுதியான கால்சாவில் ஒரு மாளிகையின் படிகளைக் கழுவிக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு எழும்பவில்லை.

"அத்தான், அந்தப் பெட்டியை வையுங்கோ," என்றாள் பவுலின் மனைவி அமலினி.

"எது பிள்ளை, இந்தச் சோத்துப் பெட்டியோ?"

சோற்றுப் பெட்டிதான். அவளுடைய சமையலறையிலிருந்து பவுல் எடுத்துக்கொண்டது. அடியில் நனைத்த பஞ்சு, அதன்மேல் கேக் சுடும் தாள். தாளின்மேல் வர்ணத்தை வைத்தால், பஞ்சின் ஈரம் தாளினூடாகக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி வர்ணத்தைக் காயவிடாது. தண்ணீர் கூடினால் வர்ணம் ஓடிவிடும். குறைந்தால் ஓரத்திலிருந்து தோல் கட்டும். அளவாக விட்டு மூடினால் நாலைந்து நாள் தாங்கும். குழந்தைக்குச் சொல்வதுபோல இதை அவன் எத்தனையோ தரம் அவளுக்குச் சொல்லியிருக்கிறான்.

வேலையிடத்திலிருந்து போன் எடுத்துக் கேட்பான்: "பெட்டிக்குத் தண்ணி விட்டனீரோ?" அவள் ஓம் என்பாள். பாதி நாள் விட்டிருக்கமாட்டாள். வியாழக்கிழமை காலையிலும் கேட்டான். ஓம் என்றாள். விடவில்லை.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பெட்டியைத் திறக்கவேயில்லை.

பெட்டிக்குப் பக்கத்தில், தக்கையில் குத்தியபடி, பெருவிரல் உயரத்தில் ஒரு பெண் ஈட்டியோடு நின்றாள். கால்சாவில் ஒரு சந்துக்குள் இருக்கும் சித்திரக்கதைக் கடையில் வாங்கிய பொம்மை. அந்தக் கடைக்காரர்கள் வருடத்துக்கொருமுறை சீசா என்ற பகுதியில் ஒரு மண்டபம் எடுத்து விழா வைப்பார்கள். வேடம் கட்டிய இளசுகள், பழைய புத்தக மேசைகள், ஒரு மூலையில் வர்ணம் தீட்டிய பொம்மைகளுக்குப் போட்டி. போட்டி நாளைக்கு. கண்ணைத்தான் முதலில் தீட்டவேண்டும் என்பான் பவுல், கை வழுகினாலும் பிறகு தோலின் நிறத்தால் மறைத்துவிடலாமாம். கண், முகம், ஒரு கை முடிந்திருந்தது. மற்றக் கை இன்னும் சாம்பல் பிளாஸ்டிக்.

பொம்மை வந்த பெட்டியின் படத்தில் அவள் வெள்ளைக்காரி. "அந்தக் கடை அலுமாரியில எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை," என்றுவிட்டு, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அமலினியின் கையை விளக்கடியில் இழுத்துவைத்துப் பார்த்துப் பார்த்து நிறம் கலந்தான். நாற்பது வயதில் பொம்மை விளையாட்டு என்று சுரேஸ் நக்கலடித்தபோது, "உங்களுக்கு லொத்தர்ச் சீட்டு, எனக்கு இது," என்று சிரித்தான்.

மூன்று மணிக்குக் கடைக்கார நீனோ வந்தார். கறுப்புச் சட்டை போட்டிருந்தார். வாசலிலேயே நின்று கதைத்தார். அமலினிக்குச் சம்மதமென்றால் கடைக்கூட்டாளிகள் இன்றைக்கே அந்தக் கையைத் தீட்டிமுடித்து, பவுலின் பெயரில் வைப்பார்களாம். ஒருவர் பொம்மையில் இன்னொருவர் தூரிகை படக்கூடாது என்பது அவர்களின் சட்டம், ஆனால் இந்த முறை ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். பவுல் கலவையை எங்கும் எழுதிவைக்கவில்லை. கலந்த நிறம் மிச்சம் இருந்தால்தான் முடியும்.

"முடிச்சுக் குடுக்கட்டும் பிள்ளை," என்றார் சுரேஸ். குப்பைப் பையைக் கீழே வைத்திருந்தார். "அவன்ர பேரில ஒரு பரிசெண்டாலும் இருக்கட்டும்."

அமலினி மூடியைத் திறந்தாள். தாளில் கிடந்த வர்ணச் சொட்டின் ஓரம் தடித்துச் சுருங்கியிருந்தது. நடுவில் மோதிரவிரலை வைத்தாள். குளிர்ந்தது. இன்னும் ஈரம். விரலை வழக்கம்போல முன்கையில் துடைத்தாள். பிறகு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கே துடைத்தாளென்று தெரியவில்லை.

மூடியை மூடினாள்.

"காய்ஞ்சு போச்சோ?" என்றார் சுரேஸ்.

"இல்லை, அத்தான்." நீனோவைப் பார்த்து, முடியாத பொம்மையை மேசையில் வைக்கவிடுவார்களா என்று இத்தாலியனில் கேட்டாள். புள்ளி கிடைக்காது, ஆனால் நிற்கலாம் என்றார் அவர்.

"அப்ப நிக்கட்டும்," என்று தமிழிலேயே சொன்னாள். "ஒருத்தரும் தொடவேண்டாம்."

நீனோவுக்கு விளங்கியது. தக்கையோடு பொம்மையை எடுத்து, மற்றக் கையால் காற்றுப் படாமல் மறைத்துக்கொண்டு படியிறங்கினார். சுரேஸ் பைக்குள் கையை விட்டுத் தூரிகைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் தன் சட்டைப்பையில் குத்திக்கொண்டார்.

நாலுக்குக் கொஞ்சம் முன்னே கீழே வண்டி நின்றது. படிக்கட்டில் ஆட்களின் கனத்த காலடி, திருப்பத்தில் மரம் சுவரில் உரசும் சத்தம். சுரேஸ் கதவை அகலத் திறந்துவைத்தார்.

அமலினி சமையலறைக்குப் போனாள். தேக்கரண்டியில் தண்ணீர் எடுத்து, தாளின் ஒரு மூலையை நகத்தால் தூக்கி, பஞ்சின் ஓரமாக விட்டாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு கரண்டி. மூடியின் நாலு பக்கமும் அழுத்தி, பெட்டியைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள்.