குதிரைவீரர் பிரெஞ்சு

லென்ஸக்கா பிரெஞ்சு படிக்க ஆரம்பித்தது ஒரே ஒரு கேள்வி கேட்பதற்காக. மருமகளிடம் கேட்க வேண்டிய கேள்வி. "உன் கல்யாணத்துக்கு நான் வந்திருந்தா உனக்கு என்னம்மா குறைஞ்சிருக்கும்?"

மகன் வெளிநாடு போன இடத்திலேயே வேலையும் தேடிக்கொண்டான், பிரெஞ்சுக்காரப் பெண்ணும் தேடிக்கொண்டான். அதெல்லாம் சரி. ஆனால் கல்யாணம் முடிந்தபிறகு போட்டோவை அனுப்பி, "அவளுக்குக் கூட்டம் பிடிக்காதும்மா, அவதான் யாரும் வேணாம்னுட்டா" என்றானே! பெற்றவள் ஒருத்தி கூட்டமா? மூன்று வருஷமாக அது அவளுக்குள் முள்ளாய்த் தைத்திருந்தது. ஆறு மாதத்தில் இருவரும் வந்து ஒரு வாரம் தங்கப்போகிறார்கள் என்றதும், கேட்டே தீருவது என்று முடிவு செய்தாள். மகனை நடுவில் வைத்துக் கேட்டால் பூசி மெழுகிவிடுவான்.

பழைய புத்தகக் கடையில் பிரெஞ்சில் இரண்டே புத்தகங்கள் இருந்தன. ஒன்று சாக்கடைக் குழாய் பதிப்பது பற்றி. இன்னொன்று அந்தக் காலத்துக் குதிரைவீரர்களின் கதைகள், பக்கத்துக்குப் பக்கம் படத்தோடு. ஆபத்துக்குப் பாவமில்லை என்று வீரர்களைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அவளுக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், ஃபிரேமுக்கு ஏற்றபடி லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக் கொடுப்பது; லென்ஸக்கா என்ற பேரே அதனால் வந்தது. மதியம் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பாடம். ஒரு வரியைப் போனில் தட்டினால் அது வாசித்துக் காட்டும், அர்த்தமும் சொல்லும். அர்த்தம் தெரிந்த பிறகுதான் குழப்பமே. இரும்பு முகமூடி போட்ட இரண்டு வீரர்கள் காட்டில் எதிர்ப்படுகிறார்கள். யார், எவர் என்று கேட்காமலே பொழுது சாயும்வரை வெட்டிக்கொள்கிறார்கள். கடைசியில் முகமூடி கழன்றால், அடக் கடவுளே, கூடப்பிறந்தவன்! கட்டிப்பிடித்து ஒரே அழுகை.

"முதல்லயே நீ யாருன்னு கேட்டா என்னவாம் இவனுங்களுக்கு?" என்றாள், முன்னறையில் கண் பரிசோதிக்கிறவளிடம்.

"கேட்டா கதை முடிஞ்சிடும்க்கா. அது கிடக்கட்டும், ஸ்பூனுக்கு பிரெஞ்சுல என்ன?"

லென்ஸக்கா யோசித்தாள். "ஸ்பூன் இன்னும் வரலை. ஈட்டி வந்திருக்கு."

மருமகள் வந்தாள். முதல் இரண்டு நாள் அவள் பேசிய ஒன்றும் விளங்கவில்லை. அவள் துண்டு கேட்டாள், குளியலறைக் குழாயைப் பற்றி ஏதோ கேட்டாள், பஸ் பற்றிக் கேட்டாள்; எல்லாம் மகன் சொல்லித்தான் தெரிந்தது. வீரர்கள் யாரும் குளித்ததாகவோ பஸ் ஏறியதாகவோ புத்தகத்தில் இல்லை. ஆறு மாதப் படிப்பும் ஆற்றில் கரைத்த புளிதானா என்று லென்ஸக்காவுக்கு அழுகையே வந்தது.

இரண்டாம் நாள் சாப்பிடும்போது மருமகள் இவளையே பார்த்து நீளமாக என்னவோ சொன்னாள். "சாப்பாடு நல்லாருக்காம்மா," என்றான் மகன். அவ்வளவு நீளத்துக்கு இவ்வளவுதானா? அதில் 'மன்னிப்பு' என்ற சொல் காதில் விழுந்ததே. தோற்ற வீரன் ஒவ்வொருவனும் மண்டியிட்டுக் கேட்கும் சொல் அது. நல்ல சாப்பாட்டுக்கு எதற்கு மன்னிப்பு?

மூன்றாம் நாள் காலை, சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையில் புருஷன் பெண்டாட்டிச் சண்டை. லென்ஸக்காவின் கை அப்படியே நின்றது. புரிந்தது! சண்டைக்கு வேண்டிய சொல் ஒன்றுவிடாமல் புத்தகத்தில் இருந்தது. பொய். சத்தியம். துரோகம். "உன் தாய் என்னை வெறுக்கிறாள் என்றாய். திருமணத்துக்கு வர மறுத்தாள் என்றாய். இவளா வெறுக்கிறவள்?"

கேட்க வைத்திருந்த கேள்விக்கு இனி வேலையில்லை. உரித்த வெங்காயத்தோடு உள்ளே போய் நின்றாள். வாயில் வந்தது புத்தக பிரெஞ்சுதான்.

"மாதரசியே, எனக்குத் தூது எதுவும் வரவில்லை. வந்திருந்தால், ஏறிய குதிரை வழியில் செத்து விழுந்தாலும் நடந்தே வந்திருப்பேன்."

மகன் வாயைப் பிளந்தான். மருமகளுக்குச் சிரிப்பு வந்தது, அது பாதியில் அழுகையாக மாறியது. இவளுக்குப் புரிய வேண்டுமே என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். "திருமணத்துக்கு உங்களை அழைத்து இரண்டு கடிதம் எழுதினேன், அம்மா. இவன் கையில் கொடுத்தேன்."

இரண்டு பெண்களும் அவனைப் பார்த்தார்கள்.

"ஏன்டா?" என்றாள் லென்ஸக்கா.

"நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டா ஒத்து வராதோன்னு பயந்தேன்மா. பாக்காமலே இருந்துட்டா சண்டையே வராதுல்ல? உங்க நல்லதுக்குத்தான்..."

அவன் என்ன சொல்கிறான் என்று கேட்பதுபோல் மருமகள் இவள் முகத்தைப் பார்த்தாள். மொழிபெயர்ப்பது இப்போது இவள் முறை. லென்ஸக்கா வாயைத் திறந்தாள். ஒரு வரியும் வரவில்லை. ஆறே மாதத்தில் பிரெஞ்சு புரிந்துவிட்டது. பெற்று வளர்த்த பிள்ளை பேசிய தமிழ்தான் புரியவில்லை.

"எனக்கும் தெரியலையே கண்ணு," என்றாள் தமிழிலேயே.

மருமகள் தலையாட்டினாள். அது மட்டும் அவளுக்குப் புரிந்துவிட்டது.