இடப்பக்கக் கேமரா

யுகன் மேடையில் பிழை விட்டதே இல்லை என்று படத்தைப் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அப்படி நினைக்க வைப்பது அவன் மனைவி தாட்சாயினியின் வேலை.

பகலில் அவன் கணினி நிறுவனமொன்றில் இருந்தான். மேடை ஏறினால் வெள்ளிப் பூட்ஸ், கண்ணைச் சுற்றி நீல மினுக்கம், தோளில் இறகுச் சால்வை. மெல்பேர்ணில் அவன் பாடிய கிளாம் ராக் கச்சேரியை மூன்று கேமராக்கள் பிடித்திருந்தன. சிட்னியில், ஹோம்புஷ் ஃபிளாட்டில் இருந்து அவள் அதைத் தொகுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கேமராவில் அவன் தடுமாறினால் அடுத்த கேமராவுக்குத் தாவிவிடுவாள். எல்லாத் தொகுப்பாளர்களும் செய்வதுதான்.

அன்று மாலை, வெட்டி ஒதுக்கிய துண்டுகளை ஒன்றாக ஓட்டிப் பார்த்தவள், படத்தை நிறுத்தி மறுபடி முதலில் இருந்து ஓட்டினாள். கிற்றார் வாசிக்கும் சுஜீதன் யுகனின் இடப்பக்கமாக வருகிறான். யுகன் அவன்மேல் மோதுகிறான். இடப்பக்கம் ஒரு ரசிகை பூ நீட்டுகிறாள். யுகன் திரும்பவே இல்லை. மேடையின் இடது விளிம்பில் பூட்ஸ் பாதி வெளியே நிற்கிறது; அவன் சிரித்தபடி பாடுகிறான்.

சனிக்கிழமை சிட்னியில் அடுத்த ஷோ. கூட்டத்தின் தலைக்கு மேலே, கைப்பிடி இல்லாத ஒடுங்கிய பாலத்தில் நடந்து பாடப்போகிறான்.

கதிரையில் இருந்தபடி பூட்ஸுக்கு மினுக்கம் ஒட்டிக்கொண்டிருந்தவனுக்குத் திரையைத் திருப்பிக் காட்டினாள். அவன் ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"எப்ப இருந்து?"

"கொஞ்ச நாளா. இடப்பக்கம் மங்கலா வருது. ஷோ முடிய டொக்டரிட்டப் போவம்."

"பாலத்தில நடக்கப் போறீங்கள், யுகன்."

"ஒத்திகையில விழேல்லைத்தானே. நீர் இருக்கேக்க எனக்கென்ன? பிழை விட்டா வெட்டிப்போடுவீர்."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகத்தான் வீட்டாரோடு சண்டை பிடித்து அவனைக் கட்டியிருந்தாள்.

"விழுந்தா அதை எங்க வெட்டுறது?"

நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கேத்ரினின் எண்ணை அழுத்தி, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். மணி போனது.

"தாட்சா, வேண்டாம். இப்ப நிப்பாட்டினா இனி ஒருத்தரும் என்னைக் கூப்பிட மாட்டினம்."

"கூப்பிடாட்டிப் போகட்டும்."

அவன் ஃபோனை எடுக்கக் கை நீட்டினான். அவள் அதை அவனுடைய இடப்பக்கம் நகர்த்தினாள். அவன் விரல்கள் வெறும் மேசையைத் தடவின. தலையைத் திருப்பி அவன் அதைக் கண்டுபிடிப்பதற்குள் கேத்ரினின் குரல் வந்துவிட்டது.

தடவிய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே தாட்சாயினி பேசத் தொடங்கினாள்.