ஆறாத கிண்ணம்

ஃபெஸ் நகரில் ஜிலாலி வண்ணம் தீட்டிய கிண்ணங்களில் ஊற்றிய ஹரீரா சூப் ஆறுவதில்லை. காலையில் ஊற்றினால் சாயங்காலத் தொழுகை முடிந்த பிறகும் ஆவி பறக்கும். இதைத் தெருவில் யாரும் அதிசயமாகப் பேசியதில்லை. நோன்பு மாதத்தில் அவன் கிண்ணங்கள் கொஞ்சம் சீக்கிரம் விற்றுப்போகும், அவ்வளவுதான்.

மெக்கிக்கு மட்டும் அது தொண்டையில் சிக்கிய முள். பத்தொன்பது வருடமாக ஜிலாலியோடு முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து தீட்டுகிறவன் அவன். அதே களிமண், அதே நீலம், ஒரே கழுதையின் பிடரி மயிரில் கட்டிய தூரிகை. கோடு இழுப்பதில் மெக்கிதான் ஒரு படி மேல் என்று ஜிலாலியே சொல்வான். ஆனாலும் மெக்கியின் கிண்ணத்தில் ஹரீரா ஆறிப்போகும். அவன் ஜிலாலியின் நீலத்தை நக்கிப் பார்த்தான்; ஜிலாலி முணுமுணுக்கும் பாட்டைப் பாடம் பண்ணினான்; ஜிலாலியைப் போலவே ஒரு வருடம் இடது கையால் தீட்டினான். ஹரீரா ஆறிக்கொண்டேதான் இருந்தது.

பிறகு ஒரு வியாழக்கிழமை அவன் மனைவி ரக்கியா சந்தையிலிருந்து ஜிலாலியின் கிண்ணம் ஒன்றை வாங்கி வந்து அவன் முன்னாலேயே வைத்தாள்.

“என்ன அப்படிப் பாக்குறீங்க? நீங்க வர்ற நேரம் எனக்கு எப்படித் தெரியும்? பத்து தடவ அடுப்பு மூட்ட என்னால ஆகாது.”

“நான் பண்ணுனதுதான் அலமாரி நெறைய இருக்கே.”

“இருக்கு. அழகா இருக்கு. அதுல பேரீச்சம்பழம் வெச்சிருக்கேன்.”

மறுநாளே மெக்கி அவளுக்கென்று ஒரு கிண்ணம் தீட்டத் தொடங்கினான். விளிம்பில் முந்நூறு இலைகள். நாற்பது நாள் ஆயிற்று. அதைச் சூளைக்காரன் ஹம்முவிடம் கொடுத்த அன்றே ஜிலாலியும் ஒன்றைக் கொண்டுவந்தான். ஒரு மத்தியானத்தில், பாடிக்கொண்டே தீட்டியது.

சூளையில் கிண்ணத்துக்குள் கிண்ணமாக அடுக்கும்போது நடுவில் சின்ன மண்முக்காலி ஒன்று வைப்பார்கள். இல்லாவிட்டால் பூச்சு உருகி இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஹம்மு எரிப்பதற்கு ஆலிவ் சக்கை அள்ளப் போன நேரத்தில் மெக்கி உள்ளே குனிந்தான். ஜிலாலி வெளிப்பக்கத்தில் பதிக்கும் பெருவிரல் தடத்தைத் தடவிக் கண்டுபிடித்து, அந்தக் கிண்ணத்திலிருந்து முக்காலியை உருவினான். அதன்மேல் உட்கார்ந்திருந்தது யாருடையது என்று பார்த்தான், தெரியவில்லை. தீயில் வேகும்வரை நீலம் நீலமாக இருப்பதில்லை. அந்த இருட்டில் எல்லாக் கிண்ணமும் ஒரே சாம்பல் நிறம்.

மூன்றாம் நாள் சூளையைத் திறந்தார்கள். மெக்கியின் முந்நூறு இலைகள் ஜிலாலியின் கிண்ணத்துக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தன.

“யோவ் ஹம்மு, முக்காலி வெக்கல? கண்ணு அவிஞ்சு போச்சா?” என்றான் ஜிலாலி.

“வெச்சேன்யா! எங்கம்மா மேல சத்தியமா வெச்சேன்!”

ஜிலாலி சிரித்துவிட்டான். “நாம முதுகு ஒட்டி உக்காந்தது பத்தாதுன்னு இதுங்களும் ஒட்டிக்கிச்சு பாரு. நீயே கொண்டு போ மெக்கி. மேல இருக்கறது உன்னோடதுதான்.”

ரக்கியா அந்த மேல்கிண்ணத்தில் ஹரீரா ஊற்றினாள். ஆறவில்லை. மறுநாளும் ஆறவில்லை. சந்தையில் வாங்கியதை அவள் பேரீச்சம்பழத்துக்கு மாற்றிவிட்டாள்.

“உங்க கிண்ணந்தான்,” என்றாள். “நல்லா சூடா இருக்கு.”

சூடு மேலிருந்து வருகிறதா, அடியிலிருந்து வருகிறதா என்று அறிய இரண்டையும் உடைத்துப் பிரிப்பதைத் தவிர வழி இல்லை. பதினொரு வருடம் மெக்கி சுத்தியலை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான். ஒவ்வொரு சாயங்காலமும் ரக்கியா ஊற்றினாள். அவன் ஊதி ஊதிக் குடித்தான். ஒவ்வொரு சாயங்காலமும் நாக்கு சுட்டது.