பிச்சம்மாளின் மனுவில் ஒரு வரி

1.

இது கதையாக இருக்க வேண்டியதே இல்லை. பிச்சம்மாள் அக்கா போன வாரம் என்னிடம் கேட்டது ஒரு மனு. மூன்று முழுத்தாள் வாங்கி எழுதினேன். ஒரு வரி மட்டும் பாக்கி. விதையைக் கொன்றது யார் என்கிற வரி. அங்கே வந்ததும் கை நின்றுபோயிற்று. தாள்களைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் காசிம். தாராவியில் மூட்டை தூக்குகிறேன். எழுத்துக் கற்றது நாற்பது வயதுக்குப் பிறகு. வாக்கியம் எங்காவது நின்றுபோனால் அப்படியே விட்டிருக்கிறேன். வேறு தாள் வாங்கவில்லை.

2.

முதல் தொடக்கம்: "செம்பூருக்கு அப்பால் மலையடியில் ஓர் ஏரி. மாலை வெயிலில் அது தங்கத் தகடுபோல"

வேண்டாம். அந்த ஏரியில் மாலை வெயிலை நான் பார்த்ததில்லை. இடுப்பளவு சேற்றில் குனிந்து நின்றிருக்கிறேன்.

இரண்டாவது தொடக்கம்: ஏரிக்கரையில் பதினொரு வீடுகள். எல்லாம் நம் தெற்கத்தி ஜனம். பிழைப்பு சிங்காடா. (மும்பைக்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காக: தண்ணீரில் மிதக்கிற கொடி. காய் கறுப்பாக, இரண்டு கொம்போடு இருக்கும். அவித்து உரித்தால் உள்ளே வெள்ளையாக, மாவாக இருக்கும். சயான் ஸ்டேஷன் வாசலில் கூடையில் விற்பார்கள்.)

எண்பத்து மூன்றில் ஒரு கான்ட்ராக்டர் வந்தார். இங்கே போட் விட்டால் ஞாயிற்றுக்கிழமை ஜனம் குவியும், கொடி மட்டும் துடுப்பில் சிக்கும், அதை எடுத்துவிடலாம் என்றார். பதினொரு வீடும் கைநாட்டு வைத்தது. யாரும் யாரையும் மிரட்டவில்லை. மனுவில் இதை எழுதவில்லை.

ஜனம் குவியத்தான் செய்தது. மாட்டுங்காவிலிருந்து டாக்சியில் வந்தார்கள், அணுசக்தி நகரிலிருந்து டிபன் கேரியரோடு வந்தார்கள். கரையில் பஜ்ஜி, பேல்பூரி, இளநீர். பதினொரு வீட்டுக்கும் தகரக்கூரை ஏறியது. மூன்றாம் வருஷம் கான்ட்ராக்டர் சுற்றிலும் கம்பிவேலி போட்டு, உள்ளே தன் கேன்டீனைத் திறந்தார். பஜ்ஜிச் சட்டிகள் வேலிக்கு வெளியே போயின. அடுத்த வருஷம் வேறெங்கோ கலர் விளக்குப் போட்ட தோட்டம் ஒன்று திறந்தது. ஜனம் அங்கே போய்விட்டது. இப்போது போட்டுகள் கரையில் குப்புறக் கிடக்கின்றன. தண்ணீரில் கொடியும் இல்லை.

3.

இதுவரை எழுதியதை வேங்கடசுப்ரமணியன் சாரிடம் காட்டினேன். அணுசக்தி நகர் ஸ்டாஃப் பஸ்ஸில் போகிற டெக்னீஷியன். செம்பூரில் ஞாயிறுதோறும் எங்களைப் போன்றவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறவர்.

"அட, இந்த ஏரிக்கு ஆத்துல எல்லாரையும் அழைச்சிண்டு போயிருக்கேனே. குழந்தேள் போட்டை விட்டு எறங்கவே மாட்டேன்னுதுகள்" என்றார்.

"தண்ணி எப்படி சார் இருந்துச்சு?"

"ரொம்ப க்ளீனா இருந்தது. ஒரு தூசு தும்பு கிடையாது."

அந்தத் தூசையும் தும்பையும் எடுத்தவன் நான் என்று சொல்லவில்லை.

"கதைன்னா ஒரு வில்லன் வேணும், காசிம். அதான் கான்ட்ராக்டர் இருக்கானே. அவனை இன்னும் கொஞ்சம் கெட்டவனாக்குங்கோ."

கான்ட்ராக்டரை எதற்கு நான் கெட்டவனாக்க வேண்டும்? வேலி போட்டது அவர்தான். ஆனால் சாக்கை

4.

சாக்கை வெளியே எடுத்தது நான்.

கொடி பிடுங்க தாராவியிலிருந்து தினக்கூலிக்குப் போனவர்களில் நானும் ஒருவன். ஏரியின் மூலையில் ஒரு முளைக்குச்சி. அதில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் சேற்றுக்குள் ஒரு சாக்கு. அவிழ்த்தால் உள்ளே முற்றிய சிங்காடாக் காய்கள். நாற்றம் அடித்தது. யாருடையது என்று கேட்டேன். பிச்சம்மாள் வைத்த விதை, மகள் பேறுகாலத்துக்கு அவள் சுனாபட்டி போயிருக்கிறாள் என்றார்கள்.

எங்கள் ஊரில் பருத்தி விதையோ மிளகாய் விதையோ எதுவானாலும் காயவைத்துத்தான் எடுத்து வைப்போம். ஈரத்தில் கிடந்தால் அழுகிப்போகும். பாவம், மறந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், யாரும் சொல்லாமல், கூலியும் கேட்காமல், பாறையில் பரப்பினேன். நாலு நாள் நல்ல வெயில். பிறகு புதுச் சாக்கில் கட்டி அவள் வீட்டு வாசலில் வைத்தேன்.*

* சிங்காடா விதை தண்ணீருக்குள் இருந்தால்தான் உயிரோடு இருக்கும். காய்ந்தால் செத்துவிடும். இதை எனக்குச் சொன்னவளே அவள்தான், கான்ட்ராக்டரைத் திட்டிக்கொண்டே.

அவள் திரும்பி வந்த அன்று அருகிலேயே நின்றேன். நாலு நல்ல வார்த்தை சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். சாக்கை அவிழ்த்து ஒரு காயைக் கடித்தாள். துப்பினாள்.

"செத்துப்போச்சு. நாளைக்கி இந்தப் போட்டு ஓடலன்னாலும் நம்ம வெதை தண்ணிக்குள்ள கெடக்கும்னுல்லா இருந்தேன். கான்ட்ராக்டர் ஆளுவ தூக்கிக் காயப்போட்டுக் கொன்னுட்டானுவ." என்னைப் பார்த்தாள். "நீ இங்கதான வேல செஞ்ச? நீயாவது பாத்திருக்கக் கூடாதா தம்பி?"

"நான் பாக்கலக்கா" என்றேன்.

எழுத்துக் கற்பதற்கு முன்பே நான் சொன்ன முதல் கதை அது.

மற்ற பத்து வீட்டாரும், கொடிதான் போகிறதே என்று, விதைக்காய்களையும் அவித்துத் தின்றிருந்தார்கள். அந்த ஏரியின் விதை அந்தச் சாக்கோடு தீர்ந்தது.

5.

முடிவு அ: கான்ட்ராக்டர்மேல் அந்த வரியை எழுதிவிடுகிறேன். கைநாட்டு வாங்காமல் நடந்த கெடுதல் அது ஒன்றுதான். அதனால் மனு நிற்கும். நஷ்டஈடு கிடைத்தால் நாக்பூர்ப் பக்கத்துச் சிங்காடா ஏரிகளிலிருந்து விதை வரவழைப்பாள்.

முடிவு ஆ: என் பெயரை எழுதுகிறேன். மனு செத்துப்போகும். கொடி எடுக்க, வேலி போட, கேன்டீன் வைக்க, எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர்கள் அன்றே கைநாட்டு வைத்த தாள் கான்ட்ராக்டர் பெட்டியில் இருக்கிறது. உண்மை சொன்ன நிம்மதி எனக்கு, அவளுக்கு ஒன்றுமில்லை.

முடிவு இ: காசிம் நாக்பூருக்கு ரயிலேறிப் போய், விதை கட்டிய ஈரச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு, வழிநெடுக ஸ்டேஷன் குழாய்களில் நனைத்து நனைத்துக் கொண்டுவருகிறான். இந்த முடிவு எனக்குப் பிடித்தது. நாலு வருஷமாக ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம்

6.

இன்று காலையிலேயே வந்துவிட்டாள். ஸ்டாம்பு மை டப்பாவும் கையோடு. என் குடிசை வாசலில் உட்கார்ந்து நான் எழுதுவதையே பார்க்கிறாள்.

"முன்னும் பின்னும் எழுதியிருக்கியே. அவன் செஞ்ச அக்கிரமம் ஒரு பக்கத்துல அடங்குமா? இந்தத் தாள்கட்டப் பாத்தாலே அவனுக்குப் பேதியாயிரும்."

சிரிக்கிறாள். நானும் சிரித்தேன்.

"வெதைய எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்க்கா." பொய்யில்லை. எந்தப் பக்கத்தில் என்றுதான் சொல்லவில்லை.

"அப்ப வாசி. கேட்டுட்டு வைக்கேன்." டப்பாவைத் திறந்து பெருவிரலை அழுத்தி எடுத்துவிட்டாள். சேலையில் படாமல் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

தாளின் முன்பக்கம் மனு, ஒரு வரி குறைய. பின்பக்கம் இது. அவளுக்கு இரண்டும் ஒன்றுதான், வாசிக்கத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். எந்தப் பக்கத்தை வாசிக்க என்று நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவள் விரலில் மை காய்ந்துகொண்டிருக்கிறது.